பிள்ளைக்கென்று ஒரு கோப்பை

இடம்பெயர்ந்த குடும்பம் ஓரிடத்தில் இறங்கியதும் முதலில் தேடுவது மூன்று கல்லும் கொஞ்ச விறகும்தான். கூரை போட முன்னரே அடுப்பு எரிந்துவிடும். வன்னி மக்களுக்கு இது பழகிப்போன காரியம். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டவர்களில் பெருந்தொகையானோர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தார்கள். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் விழுந்தபோது அங்கிருந்தவர்களும் சேர்ந்து அக்கராயன், மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கங்களில் மரநிழலில் அடுப்பு மூட்டினார்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை அந்த அடுப்பு இடம் மாறிக்கொண்டே போயிற்று. அதன் பின்னர் செட்டிகுளம் மெனிக் பாமில், சமைத்த உணவுக்கு வரிசையில் நின்ற நாட்களும் வந்தன.

இப்படியான வாழ்வில் சமையல் ஒரே பானைச் சமையலாகிவிடுகிறது. எல்லோருக்கும் ஒரே கறி, ஒரே உறைப்பு, ஒரே நேரம். அதில் அதிகம் இழப்பது யார்? இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைதான். அதற்குப் பசியைச் சொல்லத் தெரியாது. வரிசையில் நிற்கவும் முடியாது. அண்ணன் அக்காவோடு ஒரே கோப்பையில் கைபோட்டால் இரண்டு வாய் உண்பதற்குள் சோறு முடிந்துவிடும். ஆகவே பெற்றோருக்கு நாம் சொல்ல விரும்புவது ஒரு காரியம்: குடும்பப் பானை ஒன்றாக இருக்கட்டும், சின்னப் பிள்ளைக்குக் கோப்பை தனியாக இருக்கட்டும். அந்தக் கோப்பையில் இருப்பது கெட்டியாக இருக்கட்டும்.

கஞ்சி உயிரைக் காத்தது. வளர்ச்சிக்கு அது போதாது

அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த கஞ்சியை எமது மக்கள் மறக்கமாட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் அதைக் காய்ச்சிப் பகிர்ந்து 2009ஐ நினைவுகூருகிறோம். அது உயிரைப் பிடித்து வைத்த உணவு. ஆனால் பிள்ளை வளர்வதற்குக் கஞ்சித் தண்ணீர் போதாது. காரணம் எளிது. கைக்குழந்தையின் வயிறு கிலோவுக்கு ஏறக்குறைய 30 மில்லிலீற்றர்தான் கொள்ளும். 8 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு ஒருமுறைக்கு ஒரு தேநீர்க் கோப்பையை விடச் சற்றே குறைவாகத்தான் இடமுண்டு.

ஒரு மேசைக்கரண்டி அரிசிமா, அதாவது சுமார் 10 கிராம், 35 கலோரி தரும். அதை ஒரு கோப்பை தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் வயிறு நிறைந்துவிடும். கிடைத்ததோ அந்த 35தான். 6 முதல் 8 மாதம் வரையான பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்கு மேலதிகமாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கலோரி வேண்டும். 9 முதல் 11 மாதத்தில் 300, ஒரு வயதுக்குப் பின் 550. தண்ணீர்க் கஞ்சியால் இதை எட்ட முடியாது. ஆகவே கரண்டியைச் சரித்தால் ஓடிவிடாத அளவுக்கு உணவு தடிப்பாக இருக்க வேண்டும்.

எந்த வயதில் எவ்வளவு?

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரும் வேண்டாம். முன்பு நாலாம் மாதத்திலேயே உணவு தொடங்கலாம் என்றார்கள். 2001இல் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் என்று திட்டமாகச் சொன்னது. அதன் பின்னும் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் பால் கொடுக்கலாம்.

இடம்பெயர்ந்த தாய்மார் பலர் அதிர்ச்சியில் பால் வற்றிவிட்டது என்று சொல்லக் கேட்கிறோம். பயத்தாலும் களைப்பாலும் பால் இறங்குவது சிறிது தாமதிக்கலாம். பிள்ளை அடிக்கடி சூப்பச் சூப்பப் பால் மீண்டும் ஊறும். அந்த நேரத்தில் பால்மாவும் சூப்பிப் போத்தலும் கொடுத்தால்தான் உண்மையில் பால் குறையும். நல்ல தண்ணீரும் போத்தல் அவிக்க விறகும் இல்லாத இடத்தில் சூப்பிப் போத்தல் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். ஆகவே முதலில் தாய்க்கு ஒரு நேரச் சாப்பாட்டைக் கூட்டிக் கொடுங்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் நன்கு மசித்த உணவில் இரண்டு மூன்று கரண்டி, நாளுக்கு 2 அல்லது 3 தடவை. எட்டு மாதமளவில் ஒரு தடவைக்கு அரைக் கோப்பையாகக் கூட்டலாம். 9 முதல் 11 மாதம் வரை அரைக் கோப்பைப்படி 3 அல்லது 4 தடவை. ஒரு வயதுக்குப் பின் முக்கால் கோப்பையிலிருந்து ஒரு கோப்பை வரை 3 அல்லது 4 தடவை. இடையில் ஒரு வாழைப்பழம், பப்பாசித் துண்டு, அவித்த கௌபி போன்ற ஏதாவது ஒன்று. கோப்பை என்று இங்கே சொல்வது 250 மில்லிலீற்றர் கொள்ளும் தேநீர்க் கோப்பை.

ஒரே பானையிலிருந்து எடுக்கும் வழி

பிள்ளைக்கென்று வேறு அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. பருப்போ பயறோ அவிந்ததும், உப்பும் தூளும் போட முன்னர் இரண்டு அகப்பை தனியே எடுத்து வையுங்கள். அதனுடன் குழைந்த சோறு, ஒரு பிடி முருங்கையிலை அல்லது பசளி சேர்த்து அவித்து மசியுங்கள். கடைசியில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விடுங்கள். அந்த ஒரு தேக்கரண்டி மட்டும் 40 கலோரி. கீரையிலுள்ள விற்றமின் ஏ உடம்பில் சேர்வதற்கும் எண்ணெய் உதவும். சில துளி தேசிக்காய்ப் புளி விட்டால் கீரையின் இரும்புச்சத்தும் நன்றாகச் சேரும்.

கிடைக்கும் நாளில் நன்கு அவித்த முட்டை, முள் நீக்கிய குளத்து மீன், மசித்த ஈரல் ஆகியவற்றை ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கே கொடுக்கலாம். ‘மீன் மாந்தம், முட்டை சூடு’ என்று ஒதுக்கி வைப்பதால் பிள்ளைக்குத்தான் நட்டம்.

குரக்கன் வைத்திருப்போருக்கு இன்னொரு வழி உண்டு. குரக்கனை ஓரிரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி இரண்டு நாள் வைத்தால் முளைக்கும். அதை வெயிலில் காயவிட்டு, வறுக்காமல் இடித்து மாவாக்குங்கள். கெட்டிக் கஞ்சியை இறக்கிச் சிறிது ஆறியதும், சூடு இருக்கும்போதே ஒரு தேக்கரண்டி முளைமா கலந்து பத்து நிமிடம் விடுங்கள். தண்ணீர் சேர்க்காமலே கஞ்சி இளகிவிடும். மீண்டும் ஒரு கொதி கொதிக்கவிட்டு ஆற்றிக் கொடுங்கள். கெட்டி உணவின் சத்துக் குறையாமல் பிள்ளை இலகுவாக விழுங்கும்.

வயல்காரர் கண்டுபிடித்த பாடம்

1990களின் தொடக்கத்தில் வியட்நாமின் தான்ஹோவா மாகாணத்தில் பிள்ளைகளின் மெலிவு பெரும் பிரச்சினையாக இருந்தது. சேவ் த சில்ரன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெரி ஸ்ரெனின், மொனிக் ஸ்ரெனின் தம்பதியர் அங்கே ஒரு கேள்வி கேட்டார்கள்: இதே வறுமையில் நன்றாக வளரும் பிள்ளை இருக்கிறதா? இருந்தது. அந்த வீடுகளில் தாய்மார் வயலில் பிடித்த சின்ன இறாலையும் நண்டையும், வற்றாளைக் கொழுந்தையும் பிள்ளையின் சோற்றில் சேர்த்தார்கள். அவை சின்னப் பிள்ளைக்கு ஆகாது என்று ஊரார் தள்ளி வைத்தவை. அத்துடன் மற்ற வீடுகளை விட அதிக தடவை ஊட்டினார்கள். பின்னர் அயல் தாய்மாரும் அதே பொருட்களைக் கொண்டுவந்து, கூடிச் சமைத்து, கூடி ஊட்டப் பழகினார்கள்.

எமது வாய்க்காலிலும் குளத்திலும் கடனீரேரியிலும் அதே வகை உணவுகள் உண்டு. எமது பங்குகளிலுள்ள மாதர் சங்கங்கள் மாதத்தில் ஒரு நாளாவது இப்படிக் கூடிச் சமைத்தால் நல்லது. உங்கள் குடியிருப்பில் நன்றாக வளரும் பிள்ளையின் தாயிடமே மற்றவர்கள் கேட்டுப் பழகலாம்.

கவனிக்க வேண்டியவை

வெறுந்தேநீரும் விசுக்கோத்தும் பிள்ளையின் பசியைக் கெடுக்கும். தேயிலை இரும்புச்சத்தையும் சேரவிடாது. வன்னித் தேன் நல்ல தேன்தான். ஆனாலும் ஒரு வயதுக்கு முன் நாக்கில் தடவவும் வேண்டாம். அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி கைக்குழந்தைக்கு ஆபத்தானது. பூஞ்சணம் பிடித்த கச்சானையும் சோளத்தையும் கழுவியோ வறுத்தோ திருத்த முடியாது, எறிந்துவிடுங்கள். மரவள்ளியைத் தோல் நீக்கி, நறுக்கி, மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். காலையில் மசித்ததை மாலை வரை வைத்து ஊட்டாதீர்கள்.

1973 முதல் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் வழங்கப்பட்டுவரும் திரிபோஷாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பொதியை வீட்டிலுள்ள எல்லோரும் பங்கிட்டால் யாருக்கும் பயனில்லை. நாளுக்கு 50 கிராம் என்பது அந்தப் பிள்ளையின் மருந்து போன்றது.

ஊட்டுவதும் உணவின் பாதி

சூடடிப்புக்கும் கச்சான் பிடுங்கவும் விடியவே கூலிக்குப் போகும் தாய், பிள்ளையை மூத்தவளிடம் விட்டுப் போகிறாள். அந்த மூத்தவளுக்கும் எட்டு வயதுதான். ஆகவே யார் ஊட்டுவது, எத்தனை தடவை ஊட்டுவது என்பதை முதல் நாளிரவே பேசித் தீர்மானியுங்கள். தகப்பனும் அம்மம்மாவும் ஊட்டலாம். முகம் பார்த்துப் பேசி ஊட்டுங்கள். வாயை மூடிப் பிடித்துத் திணிக்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாக இருந்தால் பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளை உண்ணப் பழகும்.

வயிற்றோட்டம் வந்தால் உணவை நிறுத்தாதீர்கள். ஜீவனி கரைத்துக் கொடுத்து, பாலும் உணவும் தொடருங்கள். சுகமான பின் இரண்டு கிழமைக்கு ஒரு நேரம் கூட்டிக் கொடுங்கள். மாதந்தோறும் நிறுத்து அட்டையில் குறிப்பியுங்கள். ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையின் மேற்கை நடுச்சுற்றளவு 12.5 சதம மீற்றருக்குக் கீழ் இருந்தால் மெலிவு, 11.5க்குக் கீழ் என்றால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும்.

2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோதும் எல்லோரும் ஊர் திரும்பவில்லை. கேப்பாப்புலவு மக்கள் தம் காணிக்கல்ல, சீனியாமோட்டைக்கே கொண்டு செல்லப்பட்டார்கள். 2022 செப்டெம்பரில் உணவு விலை முந்திய ஆண்டை விட 90 சதவீதத்துக்கு மேல் ஏறியபோது, காணி உள்ளவர்களின் பானையே சுருங்கியது. காணி இல்லாதவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. காணிக்கும் நியாயமான நிவாரணத்துக்கும் குரல் கொடுப்பது எமது கடமை. ஆனால் பிள்ளையின் முதல் இரண்டு வயது காணி கிடைக்கும் வரை காத்திராது. அப்போது தவறிய வளர்ச்சியைப் பின்னர் மீட்பது மிகக் கடினம்.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், ஜெப ஆலயத் தலைவனின் பன்னிரண்டு வயது மகளை இயேசு உயிரோடு எழுப்புகிறார். சுற்றி நின்றவர்கள் வியந்து நிற்க, அவர் அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி சொல்கிறார். எமது பிள்ளைகளும் பெரிய ஆபத்துகளிலிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகள். இன்றிரவு சோறு பகிரும்போது முதலில் சின்னவனின் கோப்பையை எடுத்து வையுங்கள்.