காக்கை கரைந்தால் விருந்து வருமா?

காலையில் கொல்லைச் சுவரில் காக்கை கரைகிறது. "இன்று யாரோ வரப் போகிறார்கள்" என்று ஓர் ஆழாக்கு அரிசியைக் கூடுதலாகக் களைந்து வைக்கிறீர்கள். பத்து மணிக்கு மைத்துனர் பெட்டியும் கையுமாக வந்து நிற்கிறார். "நான் அப்போதே சொன்னேனே!" என்று பெருமைப்படுகிறீர்கள்.

பலித்தது உண்மைதான். ஆனால், அவர் வருவது உங்களுக்குத் தெரிந்திருந்ததா? இல்லை, நம்பினீர்கள், அவ்வளவே! முன்னதாக அவர் கடிதம் போட்டிருந்தால் விஷயம் வேறு. நம்பிக்கை பலித்துவிட்டால் மட்டும் அது அறிவாகிவிடாது. தக்க ஆதாரமும் வேண்டும்.

காக்கை பொய்த்தாலும் பாதகமில்லை. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கலாம். ஆனால் குழந்தைக்கு ஜுரம் அடிக்கும்போது, கைப்பேசியில் யாரோ அனுப்பிய கைமருந்தை நம்பிக் கொடுக்கிறோமே, அது பொய்த்தால்?

இதற்காகத்தான் நம் முன்னோர் 'அளவை' வகுத்தார்கள். நெல்லை அளக்க மரக்கால். அறிவை அளக்க அளவை. மணிமேகலையில் சமயவாதிகள் இதைப் பற்றி விரிவாகவே வாதிக்கிறார்கள். முக்கியமானவை மூன்று. கண்ணால் பார்ப்பது காண்டல். புகையைக் கண்டு நெருப்பை உணர்வது கருதல். நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்பது உரை.

கண்டால்தான் ஒப்புவோம் என்றார்கள் உலகாயதர். அவர்களை அத்திரம்பாக்கத்துக்கு அழைத்துப் போக வேண்டும்! கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி ஏரிக்கு அருகே உள்ள சிற்றூர் அது. அங்கே கிடந்த கற்கள் பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் கற்கள். 1863-ல் பூகர்ப்ப இலாகாவின் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அவற்றில் செதுக்கிய அடையாளத்தைக் கண்டார்கள். செதுக்கல் உண்டென்றால் செதுக்கிய கையும் உண்டல்லவா? ஆதி மனிதனின் கருவிகள் என்று துணிந்தார்கள். இது கருதல்.

எவ்வளவு பழமை? சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் அங்கே அகழ்ந்து ஆராய்ந்தார்கள். நிலத்தின் மேல் கிடக்கும் கல்லில் விண்வெளிக் கதிர்கள் பட்டுச் சில அணுக்கள் உண்டாகின்றன. கல் ஆழப் புதைந்த பின் அவை சிறிது சிறிதாகத் தேய்கின்றன. அந்தத் தேய்மானத்தைக் கணக்கிட்டு, சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் வெளியிட்டார்கள்.

அந்த மனிதனைக் கண்டவர் ஒருவருமில்லை. நமக்கோ இது வெறும் உரைதான். ஆனால் சொன்னவர்கள் அளந்த வழியையும் சேர்த்துச் சொன்னார்கள், மற்றவர்கள் சரிபார்க்கலாம். ஆகவே இது நம்பத் தகுந்த உரை.

கைமருந்துச் செய்தியையும் இதே போல் விசாரியுங்கள். யார் கண்டது? எதைக் கொண்டு கருதினார்? சொல்பவர் வைத்தியம் அறிந்தவரா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அடுப்பில் கஷாயத்தை ஏற்றாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் புறப்படுங்கள்.