மூக்கு மரத்த பிறகும் உணரும் படலம்

 ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் பதனிடும் ஊர்கள் நிறைந்தது வேலூர் வட்டாரம். தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீரில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். காற்றைவிடக் கனமான இந்த வாயு கழிவுநீர்த் தொட்டியின் அடியில் தங்கிவிடும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதென நம்பி இறங்குபவர் உயிரோடு திரும்பாமல் போகலாம்.

மூக்கு கைவிடும் இந்த இடத்தில்தான் உலோக ஆக்சைடு மென்படலம் உதவுகிறது. துத்தநாக ஆக்சைடு படலம் வாயுக்களை உணரும் என்பதை ஜப்பானில் செய்யாமா குழுவினர் 1962-இல் காட்டினார்கள். இன்று அதிகம் பயன்படுவது வெள்ளீய ஆக்சைடு. 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மேல் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கிறது, மின்தடை உயர்கிறது. ஹைட்ரஜன் போன்ற வாயு வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை இறங்கும். எல்லாம் மேற்பரப்பில் நடப்பதால்தான் படலம் மெல்லியதாக இருக்க வேண்டும். தாமிர ஆக்சைடும் சேர்த்தால், ஹைட்ரஜன் சல்பைடு பட்டதும் அது நன்கு மின்கடத்தும் தாமிர சல்பைடாக மாறும். அந்த ஒரு வாயுவைப் பிரித்தறியும் திறன் அப்போது கூடுகிறது.

படலம் செய்ய எளிய வழி தெளிப்பு முறை. சாதாரணக் கல்லூரி ஆய்வகத்திலும் இது முடியும். வெள்ளீயக் குளோரைடு கரைசலை, 400 டிகிரி அளவில் சூடான கண்ணாடித் தகட்டில் நுண்துளிகளாகத் தெளிப்பார்கள். சூடு குறைந்தால் வினை முழுமையடையாமல் குளோரின் தங்கிவிடும். மிகுந்தால் துளிகள் வழியிலேயே காய்ந்து பொடியாக விழும். பிறகு உலையில் சுட்டு, மின்முனைகள் பதித்து, அளவு தெரிந்த வாயுவைக் காட்டிச் சோதிப்பார்கள்.

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், அணு உலையைக் குளிர்விக்கும் திரவ சோடியத்தில் நீராவி கசிந்தால் உண்டாகும் ஹைட்ரஜனைக் கண்டறிய வெள்ளீய ஆக்சைடு மென்படல உணரிகளை உருவாக்கியிருக்கிறது. அணு உலைக்குக் கிடைக்கும் இந்தக் காவல் கழிவுத் தொட்டி ஓரத்துக்கும் வர வேண்டும். தொட்டியைச் சுத்தம் செய்வது இயந்திரத்தின் வேலை. மனிதர் நெருங்கியே ஆக வேண்டுமென்றால், முதலில் உள்ளே இறங்க வேண்டியது உணரிதான்.