நிற்கும் தூண்களும் சாட்சிதான்

ஒரு பாறைத் துண்டை ஆய்வகத்தில் வைத்து நசுக்கினால் அதன் பலம் தெரிந்துவிடுமே, அப்புறம் என்ன ஆராய்ச்சி என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி.

நிலத்தடிச் சுரங்கங்களில் நிலக்கரியை முழுக்க வெட்டாமல், நடுநடுவே தூண்களாக விட்டுவைப்பது ஒரு முறை. மேலிருக்கும் பாறையின் பாரத்தை அவை தாங்கும். 1960 ஜனவரி 21 அன்று தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக் சுரங்கத்தில் அந்தத் தூண்கள் வரிசையாக நொறுங்கின. ஒன்று விழுந்ததும் அதன் பாரம் பக்கத்துத் தூண்களின் மேல் ஏறியது, அவையும் விழுந்தன. 435 பேர் மாண்டார்கள்.

எவ்வளவு பெரிய தூண் விட்டால் நிற்கும்? ஹங்கேரியில் பிறந்து, இங்கிலாந்தில் முனைவர் பட்டம் பெற்று, தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்த மிக்லோஷ் சாலமன் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். கைக்குள் அடங்கும் கரித்துண்டில் விரிசல் குறைவு. சுரங்கத் தூணிலோ விரிசல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். துண்டின் பலம் தூணின் பலமாகாது. அதனால் அவரும் சக ஆய்வாளர் முன்ரோவும் சுரங்கங்களையே ஆய்வகமாக்கினார்கள். தூண்கள் நொறுங்கிய 27 இடங்கள், உறுதியாக நின்ற 98 இடங்கள். இவற்றின் அளவுகளைத் திரட்டி, 1967-இல் ஒரு சூத்திரம் தந்தார்கள்.

அகலத்தின் 0.46 அடுக்கை உயரத்தின் 0.66 அடுக்கால் வகுத்து, 7.2-ஆல் பெருக்கினால் தூணின் பலம் மெகாபாஸ்கலில் கிடைக்கும், அளவுகள் மீட்டரில். உயரம் மட்டும் இரட்டித்தால் பலத்தில் 37 சதவீதம் போய்விடும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோல்புரூக்கில் கூரையில் மிச்சம் விட்டிருந்த கரியையும் வெட்டியெடுத்துத் தூண்களை உயரமாக்கியிருந்தார்கள். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை இந்த எண் காட்டுகிறது.

பாரத்தைப்போல் 1.6 மடங்கு பலம் இருக்கட்டும் என்றும் பரிந்துரைத்தார்கள். நொறுங்கியவற்றைப் பார்த்து மட்டும் இந்த அளவைச் சொல்லியிருக்க முடியாது. நின்ற தூண்கள் எவ்வளவு உபரி பலத்தோடு நிற்கின்றன என்று கணக்கிட்டதில் கிடைத்த அளவு அது.

சாலமன் பிறகு அமெரிக்காவின் கொலராடோ சுரங்கக் கல்லூரியில் பேராசிரியரானார். இந்தத் துறைக்கு வர விரும்பும் பிள்ளைகள் அவரிடமிருந்து இந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்: விபத்து நடந்த இடத்துக்கு எல்லோரும் போவார்கள், ஒன்றும் நடக்காத இடத்துக்கும் அளவுநாடாவோடு போங்கள். அங்கே எடுக்கும் குறிப்புதான் அடுத்த தூணின் அகலத்தைத் தீர்மானிக்கும்.