உஷார்! பழைய காரின் வாயை அடைக்கும் முன்...

அம்பாசிடரோ பத்மினியோ, ஆசை ஆசையாகத் தூக்கி நிறுத்திப் பெயின்ட் அடித்தவர்கள் அடுத்து இறங்குவது இந்த வேலையில்தான். “உள்ளே உட்கார்ந்து பேச முடியலை, ஒரே இரைச்சல். பெட்ரோல் புகை வாடை வேற குமட்டுது. தரை பூரா சத்தத்தை அமுக்குற ஷீட் ஒட்டிட்டா ரெண்டும் ஒழிஞ்சிடும்” என்று கிளம்பிவிடுகிறார்கள். சத்தம் ஒழியும், சரி. புகை? ஒழிந்த மாதிரி தெரியும். ஆபத்தே அங்கேதான்.

வண்டிக்குள் வரும் புகையில் ஆளைக் கொல்வது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூக்கில் ஏறுவதெல்லாம் எரியாத பெட்ரோலும் கருகிய ஆயிலும்தான். ஷீட்டையும் ஃபோமையும் போட்டு அந்த வாடையை அமுக்கி, போதாக்குறைக்கு டாஷ்போர்டில் ஒரு எலுமிச்சை வாசனை டப்பாவையும் வைத்துவிட்டால், இருந்த ஒரே எச்சரிக்கையும் போச்சு. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் கிறுகிறுப்பு, குமட்டல், அசதி. “வெயில் ஒத்துக்கலை”, “காலையில சரியா சாப்பிடலை” என்று நாமே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு ஓட்டிக்கொண்டே இருப்போம்.

சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது 1995 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டியில் இந்த வாயுவைக் குறைக்க எதுவுமே கிடையாது. பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் காருக்குப் புகைச் சான்றிதழில் ஐடிலிங்கில் 3 சதவீதம் வரை அனுமதி உண்டு. அதாவது பத்து லட்சத்தில் 30,000 பங்கு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பு வைத்திருக்கும் அளவு 1,200 பங்கு. சான்றிதழ் வாங்கிய வண்டியின் லட்சணமே இது!

ஆகவே, ஷீட் வாங்குவதற்கு முன் ஓட்டையைத் தேடுங்கள். காலையில் எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து பானெட்டைத் திறந்து காது கொடுங்கள். ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வந்து, சூடேறியதும் குறைகிறதா? மேனிஃபோல்டு கேஸ்கெட் போயிருக்கலாம். இரும்பு சூட்டில் விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்வதால் சத்தம் அடங்குகிறது. கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். இன்னொன்று: ஒருவர் தடிமனான ஈரத்துணியால் சைலன்சர் வாயைச் சில விநாடி பொத்தட்டும், நீங்கள் தள்ளி நின்று கேளுங்கள். ‘புஸ்’ஸென்று எங்கே சீறுகிறதோ அங்கே ஓட்டை. இதையெல்லாம் திறந்த வெளியில் செய்யுங்கள், ஷெட்டுக்குள் கூடவே கூடாது. நீங்கள் காசு கொடுத்து அமுக்கப் பார்ப்பது இந்த டிக் டிக்கையும் புஸ்ஸையும் சேர்த்துத்தான்.

பின்பக்கம் இன்னும் மோசம். ஓடும் காரின் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். சைலன்சர் விட்ட புகை அங்கேயே சுழன்று, இடுக்கு கிடைத்தால் டிக்கிக்குள் ஏறும். பல பழைய கார்களில் டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவே இருப்பது வெறும் அட்டைதான். பின்கண்ணாடி அடியிலுள்ள பலகையில் ஸ்பீக்கருக்காக வட்ட வட்டமாக வெட்டி வைத்திருப்போமே, புகைக்கு அது ராஜபாட்டை. பின்சீட்டில் யார் உட்காருவார்கள்? குழந்தைகளும் பாட்டியும். டிக்கி பீடிங்கில் ஒரு துண்டுப் பேப்பரை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் பீடிங் செத்துவிட்டது. டெயில் லாம்ப் ரப்பரையும் பாருங்கள். சைலன்சர் மாற்றியவர் குழாயைப் பம்பருக்கு அடியிலேயே குட்டையாக முடித்திருந்தால், வெளியே நீட்டச் சொல்லுங்கள். பீரோவையோ சைக்கிளையோ டிக்கியில் திணித்து, மூடியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போவதை அடியோடு விட்டுவிடுங்கள்.

(பீட்டில் வைத்திருக்கும் ஊட்டிக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல்: அந்த வண்டியின் ஹீட்டர் காற்று சூடாவதே எக்ஸாஸ்ட் குழாயை ஒட்டித்தான். அந்தக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், குளிருக்கு ஹீட்டரைத் திறந்ததும் புகை நேராக உள்ளே வந்துவிடும்.)

பெட்ரோல் வாடை வேறு கதை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் பம்ப் டயஃப்ரமும் இதற்காகச் செய்தவையல்ல. ஊறி, விரிசல் விட்டு, கசியும். எத்தனால் தாங்கும் ஹோஸ், புது கிளிப் எல்லாம் மாற்றிவிட்டு ஷீட்டுக்கு வாருங்கள். ஈரம் பட்ட ஹோஸை மெத்தைக்கு அடியில் புதைத்தால் அப்புறம் தீயணைப்பு வண்டிதான்.

ஒட்டும் சரக்கிலும் ஏமாற்று உண்டு. பளபளவென்று அலுமினிய முகத்தோடு இரண்டு ஷீட் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று காருக்கான பியூட்டைல். இன்னொன்று மொட்டைமாடி ஒழுகலுக்கு ஒட்டும் தார் டேப். விலை பாதிதான் என்று இரண்டாவதை வாங்கினால், சித்திரை வெயிலில் தார் உருகிக் கதவுக்குள் வழியும், வண்டி முழுக்கத் தார் நாற்றம். கட்டில் மெத்தையை வெட்டி வைப்பது அதைவிடக் கேடு. மழைத்தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு தரைத் தகரத்தை அரிக்கும், பொறி பட்டால் பற்றும். உள்அலங்காரப் பொருள் எவ்வளவு வேகமாக எரியலாம் என்பதற்கு ஐஎஸ் 15061 என்ற தரவிதி இருக்கிறது. கடைக்காரரிடம் அதைக் கேளுங்கள், முழித்தால் நடையைக் கட்டுங்கள். இண்டு இடுக்கு விடாமல் ஒட்டுவதும் வீண் செலவு. தகரத்தின் நடுவில் நாலில் ஒரு பங்கு ஒட்டினாலே அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும். கதவின் அடியிலுள்ள தண்ணீர்த் துளையை மட்டும் மூடிவிடாதீர்கள்.

ஷீட் போட்ட வண்டியைச் சைலன்சர் வேலைக்கு விட்டால், உள்ளே ஃபோம் இருக்கிறது என்று வெல்டரிடம் முதலில் சொல்லுங்கள். அவருக்குக் கீழிருந்து தெரிவது தகரம் மட்டும்தான். டார்ச் வைத்த ஐந்தாவது நிமிஷம் சீட்டுக்கு அடியில் புகைய ஆரம்பித்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒன்று வாங்கிப் பின்சீட்டுப் பக்கம் வையுங்கள். எண் காட்டும் திரை உள்ளதாகப் பாருங்கள். வீட்டுக்கான அலாரங்கள் 70 பங்கு இருந்தால்கூட ஒரு மணி நேரம் கழித்துத்தான் கத்தும்படி செய்யப்பட்டவை. ஓடும் காருக்கு அது தாமதம். கேஸ் சிலிண்டர் கசிவுக்கு விற்கும் கருவி இதற்கு ஆகாது.

வண்டிக்குள் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் ஓரம் கட்டுங்கள், எஞ்சினை நிறுத்துங்கள், எல்லோரும் இறங்கிக் காற்றோட்டமாக நில்லுங்கள். மயக்கமோ வாந்தியோ இருந்தால் 108. ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98, 99 என்று காட்டி “ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போங்க” என்ற பேச்சு வரலாம். அந்தக் கருவிக்கு ஆக்சிஜனையும் கார்பன் மோனாக்சைடையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. “கார் புகை உள்ளே வந்துச்சு டாக்டர், ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு பாருங்க” என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.