உங்களுக்குத் தெரியுமா? சப்வே என்றால் கோவையில் வேறு பொருள்

அயல்நாடுகள் சிலவற்றில் 'சப்வே' என்பது தரைக்கடியில் ஓடும் நகர ரயிலைக் குறிக்க, கோவைவாசிக்கோ அது கால்நடையாகவோ வண்டியிலோ கடக்கும் சுரங்கப்பாதை மட்டுமே. கோவை ரயில் நிலையத்தில் வண்டியை விட்டிறங்கும் பயணி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, தண்டவாளங்களுக்கு அடியில் நடந்து, மறுபடி படியேறி வெளிவருவதும் அத்தகைய சப்வே ஒன்றின் வழியாகத்தான்.

இந்நிலையத்தின் அமைப்பே சற்று விசித்திரமானது. ஏனெனில் 1862இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கி வந்த முதன்மைப் பாதை நகரைத் தொடாமல் இருகூரிலிருந்து நேரே போத்தனூருக்குச் சென்றது. 1873இல் போத்தனூர்–மேட்டுப்பாளையம் கிளைப்பாதை போடப்பட்டபோதே கோவைக்கு ரயில் வந்தது. பின்னர் பீளமேடு வழியாக அமைந்த வளைபாதை, அதாவது முதன்மைப் பாதையிலிருந்து பிரிந்து நகரைச் சுற்றி மீண்டும் அதனுடன் சேரும் தடம், கோவையை நெடுந்தூர ரயில்களோடு இணைத்தது. ஆயினும் சில ரயில்கள் இன்றும் பழைய நேர்வழியிலேயே செல்வது நகரத்தாரின் தீராத மனக்குறை.

கோவைக்கெனத் திட்டமிடப்பட்ட மெட்ரோவும் நிலத்தடியில் ஓடுவதன்று. உக்கடம்–நீலாம்பூர், ரயில் நிலையம்–வலியாம்பாளையம் பிரிவு என்னும் இரு தடங்களிலும் சேர்த்து 34.8 கி.மீ. தொலைவுக்கு, 32 நிலையங்களும் தூண்களின்மேல் அமையும்படியே திட்ட அறிக்கை தயாரிக்கப்பட்டது. 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்னும் 2017ஆம் ஆண்டுக் கொள்கையைச் சுட்டி, ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அதைத் திருப்பியனுப்பியது.