பேதை எனப் பெயர் பெற்ற கடற்பறவை

பினாங்குக்கு வடமேற்கே, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், மலாக்கா நீரிணையில் பூலாவ் பேராக் என்னும் சிறு பாறைத்தீவு உள்ளது. இங்குப் பேராக் என்பது மாநிலத்தைக் குறிப்பதன்று. அது வெள்ளி எனப் பொருள்படும் மலாய்ச்சொல். ஆங்கிலத்தில் ‘பிரவுன் பூபி’ எனப்படும் கடற்பறவை கூடுகட்டும் இடமாக இத்தீவைப் பறவையியலார் அறிவர்.

‘பூபி’ என்னும் பெயர், ‘போபோ’ என்னும் ஸ்பானியச் சொல்லின்வழி வந்தது என்பர். அதன் பொருள் பேதை. கப்பல்களில் அச்சமின்றி வந்தமர்ந்து மாலுமிகளின் கைக்கு எளிதில் அகப்பட்டதால் இப்பெயர் ஏற்பட்டது. அறிவியற்பெயரோ ‘சூலா லூகோகாஸ்டர்’. இதன் இரண்டாம் சொல் ‘வெண்வயிறு உடையது’ எனப் பொருள்படும். அறிவியற்பெயர் தோற்றத்தை விளக்குகிறது, வழக்குப்பெயர் இகழ்கிறது.

உண்மையில் அது பேதைமையன்று. வேட்டை விலங்குகள் எட்டாத தனித்தீவுகளில் வழிவழியாக வாழ்ந்த பறவைக்கு மனிதரை அஞ்சும் தேவை எழவில்லை. வானிலிருந்து கடலுள் பாய்ந்து மீன் பற்றுவதில் அது வல்லது. 1789ஆம் ஆண்டு, ‘பவுண்டி’ கப்பலில் நிகழ்ந்த கலகத்தால் திறந்த படகில் விடப்பட்ட வில்லியம் பிளை, கையில் அகப்பட்ட இத்தகைய பறவைகளை 18 பங்காக்கிப் பசித்திருந்த தம் குழுவினருடன் பகிர்ந்துண்டார். பசி தீர்த்த பறவைக்குப் பேதை என்னும் பட்டமே நிலைத்தது.

நீரிணையின் மறுகரையில், இந்தோனேசிய மொழியில், இதனை ‘அங்சா பத்து’ என்பர். பத்து என்றால் கல், பாறை. பத்து பிரிங்கி, பத்து மாவுங் ஆகிய ஊர்ப்பெயர்களால் பினாங்குத் தமிழர் நன்கறிந்த சொல் அது. அங்சா என்பது ‘ஹம்சம்’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. ஹம்சத்தையே தமிழில் அன்னம் என்கிறோம். ஆகவே, இப்பறவையைத் தமிழில் ‘பாறையன்னம்’ எனலாம்.

இது அன்ன இனமன்றே எனச் சிலர் வினவக்கூடும். நீர்க்காகமும் காக்கை இனமன்று. அதன் ஆங்கிலப்பெயரான ‘கார்மரன்ட்’ என்பதும் ‘கடற்காக்கை’ எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களினின்றே பிறந்தது. தோற்ற ஒப்புமை கண்டு பெயரிடுதல் பல மொழியினர்க்கும் பொதுவான வழக்கு.

பிறர் இட்ட இகழ்ச்சியை மொழிபெயர்த்து ஏற்பது வேறு. பாடநூலிலும் அகராதியிலும் ‘முட்டாள் பறவை’ என எழுதினால், பறவையைக் கண்டிராத மாணவர் அதனையே அதன் இயல்பென நம்புவர். ‘பாறையன்னம்’ என்றாலோ, அது வாழும் இடத்தையேனும் பெயரிலிருந்தே அறிந்துகொள்வர்.